முதுகுக்குப் பின்னால் யார்?

கனடாவின் லாரன்ஷியன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் பெர்சிங்கர் என்ற மூளை ஆய்வாளர் ஒரு ஹெல்மெட் வைத்திருந்தார். பனியில் ஸ்னோமொபைல் ஓட்டுபவர்கள் போடுகிற ரகம். அதன் இரு பக்கமும் கம்பிச்சுருள்களைப் பொருத்தி, ஆளின் கண்ணைக் கட்டி, சத்தம் புகாத அறையில் உட்கார வைப்பார். நெற்றிப்பொட்டுக்கு உள்ளே இருக்கும் மூளைப் பகுதியான டெம்போரல் மடலை மெல்லிய காந்தப்புலம் தூண்டும் என்பது அவருடைய கணக்கு. பத்தில் எட்டுப் பேர் பக்கத்தில் யாரோ இருப்பதாக உணர்ந்தார்கள் என்றார். பத்திரிகைகள் அதற்குக் 'கடவுள் ஹெல்மெட்' என்று பெயர் வைத்துவிட்டன.

ஆனால் அந்தக் காந்தப்புலம் சுமார் 1 மைக்ரோடெஸ்லாதான், அதாவது ஒரு டெஸ்லாவில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. பூமியின் காந்தப்புலமே அதைவிடப் பல மடங்கு அதிகம். எம்.ஆர்.ஐ. கருவியிலோ 1.5 டெஸ்லா, 3 டெஸ்லா. ஸ்கேன் எடுக்கப் போனவர்கள் தரிசனம் கிடைத்தது என்று சொல்லிக்கொண்டு வெளியே வருவதில்லையே! வலிமை அல்ல, துடிப்பின் வடிவம்தான் முக்கியம் என்பது பெர்சிங்கரின் பதில்.

சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று ஸ்வீடனின் உப்சாலாவில் ஒரு குழு இறங்கியது. காந்தம் ஓடுகிறதா இல்லையா என்று உட்கார்ந்தவருக்கும் தெரியாது, பக்கத்தில் இருந்து கவனித்தவருக்கும் தெரியாது. 2005இல் வெளியான முடிவின்படி காந்தத்தால் எந்த வித்தியாசமும் இல்லை. சொன்னதை எளிதில் நம்பிவிடும் இயல்புள்ளவர்களுக்குத்தான் அனுபவம் கிடைத்தது. சோதனையைச் சரியாகச் செய்யவில்லை என்று பெர்சிங்கர் மறுத்தார். எனக்கு உப்சாலா பக்கம்தான் நியாயம் தெரிகிறது.

அதற்காக அந்த உணர்வே பொய் என்று ஆகிவிடாது. 2006இல் சுவிட்சர்லாந்தில் ஓலாஃப் பிளாங்கேயின் குழு, வலிப்பு நோய் சிகிச்சைக்காக ஒரு 22 வயதுப் பெண்ணின் மூளையில் மின்தூண்டல் கொடுத்தது. இடம், இடப்பக்கம் டெம்போரல் மடலும் பரைட்டல் மடலும் சந்திக்கும் பகுதி. உடனே தனக்குப் பின்னால் ஒரு நிழல் மனிதர் இருப்பதாக அவர் சொன்னார். இவர் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அந்த ஆளும் உட்கார்ந்து இவரைக் கட்டிக்கொண்டார். இவர் கையில் அட்டையை எடுத்துப் படிக்கப் போனால், அதைப் பிடுங்கப் பார்த்தார்.

கவனித்தீர்களா, நிழல் செய்ததெல்லாம் அவருடைய உடம்பின் நிலையைத்தான் பின்பற்றியது. தோல், தசை, காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ஆகியவற்றிலிருந்து வரும் தகவல்களைச் சேர்த்து 'இது என் உடம்பு, இங்கே இருக்கிறேன்' என்று கணிக்கிற இடம்தான் அந்த மடல்கள் சந்திக்கும் பகுதி. கணக்கு பிசகினால் சொந்த உடம்பே இன்னொருவராகத் தெரிகிறது.

2014இல் அதே குழு அறுவைசிகிச்சை எதுவும் இல்லாமல் இதை வரவழைத்தது. கண்ணைக் கட்டியவர் முன்னால் இருக்கும் கருவியை விரலால் அசைப்பார். பின்னால் ஒரு ரோபோ அதே அசைவில் அவர் முதுகைத் தொடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால், தன் முதுகைத் தானே தொடுவது போல இருக்கும். ரோபோவை அரை நொடி தாமதமாக்கியதும் சிலருக்கு, பின்னால் வேறு யாரோ நிற்பது போல ஆகிவிட்டது. போதும், நிறுத்துங்கள் என்றவர்களும் உண்டு.

'அப்போ கடவுள் மூளையின் கற்பனைதான்' என்று பாய்ந்துவிடுகிறார்கள். மாம்பழத்தைப் பார்க்கும்போதும்தான் மூளையில் ஓரிடம் விழிக்கிறது. அதனால் மாம்பழம் இல்லை என்றாகுமா? இந்தச் சோதனைகள் உணர்வு எப்படி உண்டாகிறது என்று மட்டுமே சொல்கின்றன. அந்த நிழலை ஒருவர் பேய் என்பார், ஒருவர் தெய்வம் என்பார். அது அவரவர் வளர்ந்த வீட்டையும் பொறுத்தது.

மாண்ட்ரியலில் 15 கார்மேல் சபைக் கன்னியாஸ்திரீகளை எம்.ஆர்.ஐ.யில் படுக்க வைத்து 2006இல் ஓர் ஆய்வு வந்தது. கடவுளுக்கென்று தனி இடம் எதுவும் அகப்படவில்லை, பல பகுதிகள் சேர்ந்து இயங்கின. நினைத்தபோதெல்லாம் கடவுளை அழைத்துவிட முடியாது என்று அவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டதால், பழைய அனுபவத்தை நினைவுகூரச் சொல்லித்தான் அந்த ஸ்கேன் எடுக்கப்பட்டது.