பைபோலார் ஃபோர்செப்ஸ் வாங்கும்போது நுனியைப் பாருங்கள்

"பைபோலார் சரியாக வேலை செய்யவில்லை, மெஷினைக் கொஞ்சம் பாருங்கள்" என்று அறுவை அரங்கிலிருந்து அழைப்பு வந்தால், நான் முதலில் கேட்பது எந்த ஃபோர்செப்ஸை மாட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான். மருத்துவக் கருவிகளைப் பராமரிப்பது என் வேலை. பைபோலார் ஃபோர்செப்ஸ் என்பது, இரண்டு நுனிகளுக்கு நடுவே பிடித்த திசுவை மின்சாரத்தால் சூடாக்கி ரத்தத்தை நிறுத்தும் இடுக்கி. அதற்கு மின்சாரம் தரும் மெஷின்தான் ஜெனரேட்டர். இந்தப் புகார்களில் பல, கடைசியில் ஃபோர்செப்ஸிலோ கேபிளிலோதான் போய் நிற்கின்றன. ஆனால் வாங்கும் நேரத்தில் பேச்செல்லாம் ஜெனரேட்டரைப் பற்றியே நடக்கிறது. ஃபோர்செப்ஸ், பட்டியலின் அடியில் வெறும் எண்ணிக்கையாக இருக்கும். எந்த நீளம், எந்த நுனி, எந்தப் பிளக் என்ற விவரமே இருக்காது.

மோனோபோலார் என்ற ஒருமுனைக் கருவியில் மின்சாரம் நோயாளியின் உடலுக்குள் பயணித்து, தோலில் ஒட்டிய பிளேட் வழியாகத் திரும்புகிறது. பைபோலாரில் இரண்டு நுனிகளுக்கு நடுவே பிடிபட்ட திசு வழியாக மட்டும் போய்த் திரும்பிவிடும், பிளேட் வேண்டாம். அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஜேம்ஸ் கிரீன்வுட் 1940-களில் முன்வைத்த இந்த இருமுனை முறைக்கு, லியோனார்ட் மாலிஸ் 1950-களில் தனி ஜெனரேட்டரே உருவாக்கினார். மூளை, தண்டுவடம் போன்ற இடங்களிலும், பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கும் முடிந்தவரை இதையே விரும்புவதற்குக் காரணம் அந்தச் சின்ன மின்பாதைதான். நடப்பதெல்லாம் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்குள் என்பதால், அந்த நுனி எப்படி இருக்கிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

நுனியின் அகலம் 0.25 மி.மீ. தொடங்கி 2 மி.மீ. வரை கிடைக்கும். மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்யும் நுண்ணிய வேலைக்கு 0.5 மி.மீ.-க்குள் வேண்டும். தசை, தலைத்தோல் போன்ற இடங்களுக்கு 1.5 அல்லது 2 மி.மீ. வசதி. நுனி மெல்லியதாக ஆக, அதே வாட்டில் சூடு வேகமாகக் குவியும். ஆகவே ஃபோர்செப்ஸை மாற்றினால் செட்டிங்கையும் குறைத்துத் தொடங்க வேண்டும். வடிவத்தைப் பொறுத்தவரை, ஆழமான குறுகிய இடத்துக்கு, நடுவில் படிபோல வளைந்த பேயோனெட். கை பார்வையை மறைக்காது. மேலோட்டமான வேலைக்கு நேர்வடிவமே போதும்.

சரி, எல்லோரையும் வதைக்கும் விஷயத்துக்கு வருவோம்: ஒட்டிக்கொள்வது. ரத்தக்குழாயைப் பிடித்துப் பெடலை அழுத்துகிறார்கள், ரத்தம் நிற்கிறது. ஃபோர்செப்ஸை எடுக்கும்போது உறைந்த திசுவும் நுனியோடு பிய்ந்து வருகிறது. நின்ற ரத்தம் மறுபடி பீறிடுகிறது. உடனே வாட்டை ஏற்றச் சொல்கிறார்கள். இங்கேதான் நிலைமை மோசமாகிறது. சூடு அதிகமானால் திசு வறண்டு, கருகி, நுனியில் அடையாகப் படிகிறது. அந்த அடை மின்சாரத்தைத் தடுப்பதால் இன்னும் ஏற்றுகிறார்கள். செய்ய வேண்டியது நேர் எதிரானது: வாட்டைக் குறையுங்கள், விட்டு விட்டு அழுத்துங்கள், சலைன் சொட்டுகளால் ஈரமாக வையுங்கள், ஒவ்வொரு முறையும் ஈரத் துணியில் நுனியைத் துடையுங்கள். பிளேடால் சுரண்டவே கூடாது. சுரண்டிய கீறல்களில் அடுத்த முறை திசு இன்னும் பலமாக ஒட்டும். வாங்கும்போது கவனிக்க வேண்டியது, நுனியின் உலோகம் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்திவிடுகிறது என்பது. வெள்ளிக் கலவை நுனிகள் இதில் சாதாரண எஃகைவிட நன்றாகவே வேலை செய்யும். டைட்டானியம் எடை குறைவு, நீண்ட நேர அறுவையில் கைக்குச் சுகம். ஆனால் டைட்டானியம் என்பதாலேயே ஒட்டாது என்று நம்பிவிடாதீர்கள். நுனியில் நேராக சலைன் சொட்டும் குழாய் பொருத்திய மாடல்களும் உண்டு. உள்துளையைச் சுத்தம் செய்ய ஆளும் நேரமும் இருந்தால் மட்டும் அவற்றை எடுங்கள்.

மாதிரி கைக்கு வந்ததும் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாக மூடிப் பாருங்கள். இரண்டு நுனிகளும் ஒரே நேரத்தில், முழு முகமும் படிய வேண்டும். இன்னும் கொஞ்சம் அழுத்தும்போது ஒன்றின்மேல் ஒன்று வழுக்கினாலோ முனை விரிந்தாலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கம் என்பதை, பயன்படுத்தப்போகும் மருத்துவரே பிடித்துப் பார்த்துச் சொல்லட்டும். நுனிகள் தொட்டுக்கொண்டால் மின்சாரம் திசுவை விட்டுவிட்டு நேரே பாய்ந்துவிடும் என்பதால், சிறு இடைவெளியைக் கட்டுப்படுத்த அந்தக் கை சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் மேல்பூச்சு. ஃபோர்செப்ஸின் கால்களின்மேல் மின்சாரம் கசியாமல் தடுக்கும் இன்சுலேஷனில் மயிரிழை விரிசல் விழுந்தாலும், ஆழத்தில், மருத்துவர் பார்க்காத இடத்தில் தீக்காயம் ஏற்படலாம். நுனிக்கு அருகே பூச்சு முடியும் விளிம்பையும் பிளக் பக்கத்தையும் உருப்பெருக்கியில் பார்ப்பதை ஒவ்வொரு சுத்திகரிப்புக்குப் பிறகும் வழக்கமாக்குங்கள். எத்தனை ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும்) சுற்று தாங்கும், எந்தச் சுத்திகரிப்புத் திரவம் ஆகாது என்பதைத் தயாரிப்பாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். பதில் தர மழுப்பினால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

கேபிளையும் ஃபோர்செப்ஸோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள். இரட்டை ஊசி, தட்டை எனப் பிளக் வகைகள் வேறுபடும், ஒன்று மற்றொன்றில் நுழையாது. ஜெனரேட்டர் பக்கத்தில் இரண்டு தனித்தனி ஊசிகளாகப் பிரிந்து தொங்கும் கேபிளை வாங்க வேண்டாம் என்பேன். அவசரத்தில் அதில் ஒன்று மோனோபோலார் துளையில் செருகப்பட்டுவிட்டால், கையில் இருக்கும் ஃபோர்செப்ஸ் யாருக்கும் தெரியாமல் மோனோபோலார் முனையாகிவிடும். இடைவெளி மாறாத ஒரே பிளக்கில் இரண்டு ஊசிகளும் பதிந்த கேபிளைக் கேட்டு வாங்குங்கள்.