‘புரிந்ததா?’ என்று கேட்டால் போதாது

வகுப்பு முடியும்போது ‘புரிந்ததா?’ என்று கேட்டால், அறுபது பேரும் ‘புரிஞ்சுது சார்’ என்பார்கள். அதை நம்பி அடுத்த யூனிட்டுக்குப் போகிறவருக்கு உண்மை நிலவரம் இன்டர்னல் தேர்வின் விடைத்தாளைத் திருத்தும்போதுதான் தெரியும். பாட அறிவும் நேரம் தவறாமையும் பாரபட்சமின்மையும் பேராசிரியருக்கு அவசியம். ஆனாலும், யாருக்கு எங்கே இடறுகிறது என்பதை அந்த வகுப்பிலேயே கண்டுபிடிக்கும் திறனைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

ஹார்வர்டின் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991இல் இதற்கென்று ஒரு முறையைத் தொடங்கினார். சாக்பீஸும் கரும்பலகையும் மட்டுமே உள்ள நம் வகுப்பிலும் அது எடுபடும். பதினைந்து நிமிடம் ஒரு கருத்தை நடத்திவிட்டு ஒரு கேள்வியைப் போடுங்கள்: செங்குத்தாக மேலே எறிந்த கல், உச்சியில் இருக்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? சுழியா, கீழ்நோக்கி 9.8 மீ/வி² ஆ, மேல்நோக்கி 9.8 ஆ? சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூடச் சுழி என்பார்கள். அங்கே சுழியாவது திசைவேகம்தான். தவறான விடைகள் இப்படி மாணவரின் உண்மையான குழப்பத்திலிருந்து எடுத்தவையாக இருக்க வேண்டும். வரையறையைக் கேட்கும் கேள்வி எதையும் காட்டிக்கொடுக்காது.

ஒரு நிமிடம் யாரும் பேசாமல் யோசிக்கட்டும். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில், தாங்கள் தேர்ந்தது எத்தனையாவது விடையோ அத்தனை விரலை நெஞ்சோடு ஒட்டிக் காட்டட்டும். கையை உயர்த்தச் சொன்னால் முதல் பெஞ்சைப் பார்த்துப் பின் பெஞ்சும் உயர்த்தும். சரியான விடை 30 சதவீதத்துக்குக் கீழே என்றால் வேறு உதாரணத்தோடு மறுபடி நடத்துங்கள். 70ஐத் தாண்டினால் சுருக்கமாக விளக்கிவிட்டு நகரலாம். இடைப்பட்டால்தான் நல்ல வாய்ப்பு: வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடவிட்டு, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் விடையைச் சொல்லிவிட்டால் எல்லாம் வீண். பெரும்பாலும் தவறு நடப்பது இங்கேதான்.

அந்த வாதம் தமிழிலேயே நடக்கட்டும். தமிழ் வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவர் வாய் திறக்காதது பல நேரம் பாடம் புரியாததால் அல்ல, ஆங்கிலத்தில் தவறாகப் பேசிவிடுவோமோ என்ற பயத்தால். கலைச்சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் பழக்கினால் தேர்வுக்குப் போதும்.

கேள்வி கேட்டபின் காத்திருப்பதும் ஒரு திறமைதான். அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ, பள்ளி அறிவியல் வகுப்புகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன; அதுவரை பேசாதவர்களும் பேசினார்கள். மூன்று விநாடி மௌனம் ஆசிரியருக்கு மிக நீளமாகத் தெரியும். மனத்துக்குள் எண்ணிப் பழகுங்கள்.

இன்டர்னல் விடைத்தாளை ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுங்கள். திருத்தும்போதே அதிகம் வந்த மூன்று தவறுகளைக் குறித்துவைத்து, கொடுக்கிற அன்று பத்து நிமிடம் அவற்றைப் பலகையில் போட்டு, அதே வகைக் கணக்கு ஒன்றை அங்கேயே செய்யச் சொல்லுங்கள். வெறும் மதிப்பெண்ணோடு போகிற தாளில் மாணவர் கூட்டலை மட்டுமே சரிபார்ப்பார்.