பல் லேபில் வேலையா? டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்

மூச்சு வாங்குகிறது என்று வருபவர் "டென்டல் லேப் டெக்னீஷியன்" (பல் கேப், பல் செட் செய்பவர்) என்று தொழிலைச் சொன்னால், ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்யும் நுணுக்கமான வேலை என்று எண்ணி அடுத்த கேள்விக்குப் போய்விடும் மருத்துவர்கள் உண்டு. நுரையீரல் மருத்துவராக எனக்கு அங்கேதான் கேள்விகள் தொடங்குகின்றன. உலோகத்தை உருக்கி வார்க்கும் காஸ்டிங்கா, செராமிக்கா, பல் செட்டா? எத்தனை வருடமாக? சாண்ட்பிளாஸ்டர் (காற்றழுத்தத்தால் பொடியை அடித்துச் சுத்தம் செய்யும் கருவி) எந்த அறையில் இருக்கிறது?

காரணம் இருக்கிறது. உலோக கேப் செய்ய, மெழுகு வடிவத்தை இன்வெஸ்ட்மென்ட் எனும் அச்சுக் கலவையால் மூடி உலையில் சுடுகிறார்கள். மெழுகு எரிந்துபோன குழியில் உருக்கிய உலோகம் இறங்குகிறது. அந்த இன்வெஸ்ட்மென்ட் பொடியில் பெரும்பங்கு குவார்ட்ஸ், கிறிஸ்டோபலைட் எனும் படிக சிலிக்கா. ஆறிய அச்சைச் சுத்தியலால் தட்டி உடைக்கும்போது எழும் தூசுமண்டலம் அதுதான். மிச்சம் ஒட்டியிருப்பதைச் சாண்ட்பிளாஸ்டரில் அடித்து எடுக்கிறார்கள். "நாங்கள் சாண்ட்பிளாஸ்டரில் அலுமினா (அலுமினிய ஆக்சைடு) பொடிதான் போடுகிறோம், சிலிக்கா மணல் இல்லை" என்பார்கள். நல்லதுதான். ஆனால் அடிபட்டுப் பறப்பதில் அச்சின் சிலிக்காவும் சேர்ந்தே இருக்கிறது.

மேஜையில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். அந்தப் பெரிய துகள்கள் பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் சிக்கிவிடும். சுமார் 4 மைக்ரானுக்கும் சிறியவைதான் காற்றுப்பைகள் வரை போகின்றன. அவை கண்ணுக்குத் தெரியாது. அங்குள்ள பாதுகாப்பு செல்கள் துகளை விழுங்கி, கரைக்க முடியாமல் தாமே சாகின்றன. துகள் வெளியே வந்து அடுத்த செல்லைத் தேடுகிறது. இப்படியே நுரையீரலில் தழும்பு ஏறுவதுதான் சிலிக்கோசிஸ். வேலையை விட்ட பிறகும் இது வளரலாம். ஏறிய தழும்பைக் கரைக்க மருந்து இல்லை. படிக சிலிக்கா புற்றுநோயையும் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1997-லேயே வகைப்படுத்திவிட்டது.

அமெரிக்காவின் ஐந்து மாநிலங்களில் 1994 முதல் 2000 வரை 9 பல் லேப் டெக்னீஷியன்களுக்குச் சிலிக்கோசிஸ் இருந்ததை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2004-ல் வெளியிட்டது. எண்ணிக்கை சிறிதாகத் தெரியலாம். தொழிலைக் கேட்காமல் விடப்பட்டவர்கள் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அந்நாட்டில் 2016-ல் கொண்டுவந்த வரம்பு, எட்டு மணி நேர வேலையில் சராசரியாக ஒரு கனமீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம் சிலிக்கா.

சிலிக்கா மட்டுமல்ல. கோபால்ட்-குரோமியத்தைத் தேய்க்கும் தூசும் நுரையீரலுக்கு ஆகாது. சில நிக்கல்-குரோமியக் கலவைகளில் பெரிலியம் இருக்கும். அது தரும் நோய் பார்வைக்கு அப்படியே சார்காய்டோசிஸ் என்னும் வேறொரு நோய் போலவே இருக்கும். பல் செட் பிரிவில் அக்ரிலிக் திரவத்தின் ஆவி சிலருக்கு ஆஸ்துமாவைக் கிளப்பும்.

எக்ஸ்ரேயில் சிலிக்கோசிஸ் மேல்பகுதியில் புள்ளி புள்ளியாகத் தெரிவதால் டிபி என்று மாத்திரை தொடங்கிவிடுவது நடக்கிறது. சிக்கல் என்னவென்றால், சிலிக்கோசிஸ் உள்ளவருக்கு டிபி வரும் வாய்ப்பும் அதிகம். ஆகவே சளிப் பரிசோதனையையும் விட முடியாது, தொழில் விவரத்தையும் விட முடியாது.

மாஸ்க் போடுகிறேனே என்பார்கள். சர்ஜிக்கல் மாஸ்க்கைக் கழற்றினால் மூக்கின் இருபுறமும் வெள்ளைக் கோடு: காற்று உள்ளே போன வழி. என்95 பொருந்தி அமர்ந்தால் உதவும். தாடி இருந்தால் அமராது. எப்படியானாலும் மாஸ்க் கடைசி அரண்தான். தூசைக் கிளம்பும் இடத்திலேயே பிடிக்க வேண்டும். மேஜையில் கைக்கு அருகில் தூசை உறிஞ்சும் குழாயின் வாய். உடைக்கும் முன் அச்சைத் தண்ணீரில் ஊறவைப்பது. சாண்ட்பிளாஸ்டரின் கிழிந்த கையுறையை மாற்றுவது, அடித்து முடித்ததும் அதன் கதவை உடனே திறக்காமல் இருப்பது. டெக்னீஷியனின் முதுகுக்குப் பின்னால் ஓடும் எக்ஸாஸ்ட் ஃபேன் தூசை அவர் மூக்கு வழியாகத்தான் வெளியே இழுக்கிறது. எல்லாவற்றையும் விட மோசம், வேலை முடிந்ததும் கம்ப்ரெஸர் காற்றால் சட்டையையும் மேஜையையும் ஊதிவிடும் பழக்கம். அடங்கிக் கிடந்தது அத்தனையும் மறுபடி மேலே எழும்; மூலையில் செராமிக் அடுக்கிக்கொண்டிருப்பவரும் சேர்ந்து சுவாசிப்பார். ஈரத்துணியோ, நுண்தூசையும் பிடிக்கும் வடிகட்டி உள்ள ஹெப்பா வேக்குவமோ போதும்.

வேலையில் சேரும்போதே ஒரு எக்ஸ்ரேயும் ஸ்பைரோமெட்ரியும் (ஊதவைத்து நுரையீரல் திறனை அளக்கும் பரிசோதனை) எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஒப்பிட அதுதான் உதவும். டாக்டரிடம் வரும்போது லேபில் உள்ள பொடி, உலோகம் இவற்றின் லேபிளை மொபைலில் படம் பிடித்து வாருங்கள். கிறிஸ்டோபலைட், பெரிலியம் போன்ற பெயர்கள் அதில் இருந்தால், எந்தப் பரிசோதனையில் தொடங்குவது என்று முடிவெடுக்க எளிதாக இருக்கும்.