நீர் வழியும் கண்ணும் உலர்ந்த கண்ணாக இருக்கலாம்

"கண்ணுல தண்ணி கொட்டுது, இதைப் போய் உலர்வுன்னு சொல்றீங்களே டாக்டர்?" மாதவிடாய் நிற்கும் வயதுப் பெண்கள் பலர் கேட்கும் நியாயமான கேள்வி இது.

கண்ணீர் வெறும் தண்ணீர் அல்ல. கருவிழியை ஒட்டிச் சளி, அதன்மேல் நீர், எல்லாவற்றுக்கும் மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம். நீரைத் தருவது கண்ணீர்ச் சுரப்பி. எண்ணெயைத் தருபவை இமை ஓரத்தில் வரிசையாக அமைந்த மீபோமியன் சுரப்பிகள். மேல் இமையில் மட்டும் 25 முதல் 40 வரை உண்டு. எண்ணெய் குறைந்தால் நீர் சீக்கிரம் ஆவியாகும். உறுத்தல் தாளாமல் கண் நீரைக் கொட்டும். ஆனால் அது கன்னத்தில் வழிந்துபோகுமே தவிர, கண்ணில் தங்காது.

இந்தச் சுரப்பிகள் சரியாக இயங்க ஆண்ட்ரோஜன் வேண்டும். ஆண் ஹார்மோன் என்று பெயர் இருந்தாலும் பெண் உடலிலும் அது சுரக்கிறது. வயது ஏற ஏறக் குறைகிறது. அப்போது எண்ணெய் கெட்டிப்படும். இமை ஓரத்தை மெல்ல அழுத்தினால் சமையல் எண்ணெய்போலத் தெளிவாக வரவேண்டியது பற்பசைபோலப் பிதுங்கும். சில துளைகளில் ஒன்றுமே வராது. நெடுநாள் அடைபட்டுச் சுருங்கிய சுரப்பியை மீட்பது கடினம். புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆண்ட்ரோஜனைத் தடுக்கும் மருந்து எடுக்கும் ஆண்களுக்கும் இதே தொல்லை வரலாம்.

அப்படியானால் மாதவிடாய் நிற்கும்போது குறையும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனை மாத்திரையாகப் போட்டால் சரியாகுமா? 2001இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில் 25,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பார்த்தபோது, ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் உலர்வு கூடுதலாகவே இருந்தது. கண்ணுக்காக அதைத் தொடங்காதீர்கள்; வேறு காரணத்துக்காக எடுத்துக்கொண்டிருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

தைராய்டு கதை வேறு. அதோடு வரும் கண் நோயில் இமை பின்வாங்கும், விழி முன்தள்ளும், தூக்கத்தில்கூடக் கண் முழுதாக மூடாது. சொட்டு மருந்து மட்டும் இங்கே போதாது.

சோதனைகள் எளியவை. கீழ் இமையின் வெளி ஓரத்தில் 5 மி.மீ. அகலக் காகிதப் பட்டையைச் செருகி 5 நிமிடம் கண்ணை மூடவைப்போம், 10 மி.மீ. கூட நனையாவிட்டால் நீர் குறைவு. 5 மி.மீ.க்குள் நின்று வாயும் வறண்டிருந்தால் ஷோகிரன் நோய் (உடலின் எதிர்ப்பு சக்தியே கண்ணீர், உமிழ்நீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் நோய்) இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும்.

எண்ணெய் அடைப்புக்கு ஒத்தடம்தான் முதல் மருந்து: சுமார் 40 டிகிரி சூடு, 5 முதல் 10 நிமிடம், தினம் இருவேளை. துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும். மறுபடி நனைக்காமல் வைத்திருப்பதால்தான் பலருக்குப் பலன் கிடைப்பதில்லை. பிறகு கண்ணை மூடி, மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் வருடுங்கள். விழியை அழுத்தக் கூடாது. சொட்டு மருந்து நாளைக்கு 4 முறைக்கு மேல் தேவைப்பட்டால் கெடாமல் காக்கும் வேதிப்பொருள் (preservative) சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள். சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்து இதற்கு உதவாது. வலியோ, வெளிச்சம் பார்த்தால் கூச்சமோ, பார்வை மங்கலோ சேர்ந்தால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.