பெட்டிக்கடை சிகரெட் போர்டில் என்ன இருக்கலாம், என்ன கூடாது?

டிவியிலோ பத்திரிகையிலோ சிகரெட் விளம்பரம் வருவதில்லை. 2003-இல் வந்த புகையிலைப் பொருட்கள் சட்டம்தான் காரணம்; அதிகாரிகள் 'கோட்பா' என்பார்கள். அதன் 5-ஆம் பிரிவு நேரடி விளம்பரம், மறைமுக விளம்பரம், ஸ்பான்சர்ஷிப் எல்லாவற்றையும் தடுக்கிறது. ஆனால் இரண்டு விலக்குகளை விட்டுவைத்தது. ஒன்று, பாக்கெட். இன்னொன்று, புகையிலை விற்கும் கடையின் வாசலும் உள்பக்கமும். சிகரெட் கம்பெனிகள் இளைஞர்களைப் பிடிப்பது இப்போது பெரும்பாலும் இந்த இரண்டு இடத்தில்தான்.

கடை போர்டுக்கான விதி காகிதத்தில் கறாராகவே இருக்கிறது. அளவு 60 செ.மீ.க்கு 45 செ.மீ. தாண்டக் கூடாது. ஒரு கடைக்கு அதிகபட்சம் இரண்டு போர்டு. மேலே எச்சரிக்கை வாசகம், கீழே சிகரெட், பீடி என்று பொருளின் வகை மட்டும். பிராண்டு பெயர், பாக்கெட் படம், கவர்ச்சி வாசகம் எதுவும் கூடாது. விளக்குப் போடவும் கூடாது. 2005-இல் வந்த இந்த விதிக்கு மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2013-இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை விதி முடங்கித்தான் கிடந்தது.

அப்புறம் என்ன ஆனது? பெயர் இருக்காது, பிராண்டின் நிறம் மட்டும் போர்டு முழுக்க இருக்கும். கல்லாவுக்குப் பின்னால் பளபளக்கும் பாக்கெட்டுகளை வரிசையாக அடுக்கிய அலமாரி, அதற்கு முன்னால் மிட்டாய் பாட்டில். 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது, கல்வி நிலையத்தைச் சுற்றி 100 கஜத்துக்குள் விற்பனையே கூடாது என்கிறது 6-ஆம் பிரிவு. மீறினால் அபராதம் அதிகபட்சம் 200 ரூபாய். இதற்கு யார் பயப்படப் போகிறார்கள்?

இந்த விற்பனை உத்தி எல்லோருக்கும் ஒரே மாதிரி வருவதில்லை. காலேஜ் பையனுக்கு வருவது மெல்லிய பாக்கெட், அழுத்தினால் புதினா வாசம் தரும் ஃபில்டர். அங்கே விற்பது ஸ்டைல். கட்டட வேலைக்குப் போகும் அதே வயதுப் பையனுக்கு ஸ்டைல் தேவையில்லை. கைக்கு எட்டும் விலையில் ஒரு கட்டு பீடி போதும். 2016-17 தேசிய கணக்கெடுப்பில் பெரியவர்களில் 7.7 சதவீதம் பேர் பீடியும் 4 சதவீதம் பேர் சிகரெட்டும் பிடித்தார்கள். விளம்பரப் பளபளப்பு முழுக்கச் சிகரெட் பக்கம், ஆள் கூட்டம் பீடி பக்கம்.

சட்டத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது லூஸ் விற்பனை. 2016 ஏப்ரல் முதல் பாக்கெட்டின் முன், பின் பக்கங்களில் 85 சதவீதப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. நிறுத்த விரும்புவோருக்கான 1800-11-2356 என்ற இலவச எண்ணும் அதில் உண்டு. ஆனால் சில்லறை கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குகிறவர் கைக்கு அந்தப் படமும் வராது, எண்ணும் வராது. மகாராஷ்டிரம் 2020-இல் லூஸ் விற்பனையையே தடை செய்தது.

விளம்பரத் தடையை மீறினால் தண்டனை கொஞ்சம் கனமானது: முதல் முறை 2 ஆண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எஸ்.ஐ. அந்தஸ்துக்குக் குறையாத போலீஸ் அதிகாரி கடைக்குள் நுழைந்து சோதனை போடலாம், விளம்பரத்தைப் பறிமுதல் செய்யலாம். உங்கள் தெருக் கடையில் பிராண்டு பெயரோடு போர்டு தொங்கினால் காவல் நிலையத்தில் புகார் தரலாம்.