டிரேஸ் மெட்டல்: நுண்ணளவா, சுவடா?

கடலோரச் சேற்றில் உள்ள உலோகங்களைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், மிகச் சிறிய அளவில் இருக்கும் உலோகத்தைக் குறிக்கும் ‘டிரேஸ் மெட்டல்’ (trace metal) என்ற ஆங்கிலச் சொல்லிடம் வந்ததும் கை நின்றுவிடும். சிலர் சுவடு உலோகம் என்கிறார்கள், சிலர் நுண்ணளவு உலோகம் என்கிறார்கள். கன உலோகம் என்று எழுதிவிடுவோரும் உண்டு. அது பொருந்தாது. கனம் என்பது உலோகத்தின் அடர்த்தியைக் குறிப்பது. டிரேஸ் என்பதோ அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பற்றியது. இரும்பும் அடர்த்தி மிக்கதுதான், ஆனால் ஒரு கிலோ சேற்றில் அது பத்து, இருபது கிராம் என்று தாராளமாகவே கிடக்கும்.

டிரேஸ் என்ற சொல்லின் வேர் லத்தீனில் ‘இழு’ என்னும் வினை. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தபோது அது தடம், அடிச்சுவடு என்ற பொருளைப் பெற்றிருந்தது. வேதியியலார் அதை எடுத்துக்கொண்ட விதம் எனக்குப் பிடிக்கும். ஒரு பொருள் இருப்பது சோதனையில் தெரிகிறது, ஆனால் அளந்து சொல்லும்படி இல்லை. அப்போது எண் எழுத வேண்டிய இடத்தில் ‘டிரேஸ்’ என்று எழுதினார்கள். இன்றைய கருவிகள் நூறு கோடியில் ஒரு பங்கைக்கூட அளந்துவிடுகின்றன, பெயர் மட்டும் மாறவில்லை. புவிவேதியியலில் வழக்கமான எல்லை 0.1 விழுக்காடு, அதாவது கிலோவுக்கு 1 கிராம். அதற்குக் கீழே இருந்தால் டிரேஸ். செம்பு, துத்தநாகம், ஈயம், காட்மியம், பாதரசம் எல்லாம் கடற்சேற்றில் பெரும்பாலும் இந்தக் கணக்கில்தான் வரும். எனவே நுண்ணளவு உலோகம் என்பதே சரியான கலைச்சொல் என்பேன்.

அப்படியானால் சுவடு தவறா? இதற்கு அந்தச் சேற்றின் பெயரையும் பார்க்க வேண்டும்.

‘செடிமென்ட்’ என்பதும் லத்தீன்தான், ‘உட்கார்’ என்னும் வினையிலிருந்து வந்தது. நீரில் மிதந்தது அடியில் போய் உட்கார்கிறது. நமக்குப் ‘படி’ என்ற வினை இருக்கிறது, அதிலிருந்து படிவு. இலங்கைப் புவியியல் நூல்களில் அடையல் என்பார்கள், அதுவும் அழகான சொல். வண்டல் என்றால் ஆறு கொண்டுவந்த மண்தான் நம் நினைவுக்கு வரும், கடலடியில் சிப்பித் தூளும் செத்த உயிர்களின் மிச்சமும் சேர்ந்தே கிடக்கும். ஆகவே பொதுப்பெயராகப் படிவு போதும். வண்டலை விடவும் மனம் வரவில்லை. சங்கப் பாடல்களில் கடற்கரைச் சிறுமிகள் மணலில் செய்யும் பொம்மைக்கு வண்டற்பாவை என்று பெயர். அலை அதை அடித்துப்போன கோபத்தில் நுண்மணலை அள்ளிப் போட்டுக் கடலையே தூர்க்கப் பார்க்கிறாள் ஒரு பெண்!

கரையோரக் கடல் தூர்வது உண்மையில் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் என்ற கணக்கில். உலோகங்கள் நுண்ணிய களிமண் துகள்களிலும் கரிமப் பொருளிலும் ஒட்டிக்கொண்டு கீழே இறங்குகின்றன. நீள்குழாயைச் சேற்றில் இறக்கி உருளையாக வெளியே எடுத்தால் மேலே நேற்றைய படிவு, கீழே தாத்தா காலத்துப் படிவு. எந்த அடுக்கு எந்த ஆண்டு என்று சொல்வதும் ஓர் ஈயமே. வளிமண்டலத்திலிருந்து இயல்பாக விழுந்துகொண்டிருக்கும் ஈயம்-210 என்ற கதிரியக்க ஈயம், சிதைந்து சிதைந்து ஏறத்தாழ 22 ஆண்டுகளில் பாதியாகிறது, அதை வைத்து நூறு ஆண்டுகளுக்குச் சற்று மேல்வரை கணக்கிடலாம். புழுக்கள் கிளறிய இடங்களில் மட்டும் கணக்கு குழம்பும். அமெரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 1923இல் விற்பனைக்கு வந்தது, 1970களில் குறைக்கத் தொடங்கினார்கள். அந்த ஏற்றமும் இறக்கமும் தெற்குக் கலிபோர்னியாவின் கடலடிப் படிவுகளில் பதிந்திருக்கின்றன. இந்த இடத்தில் சுவடு என்ற சொல் தானாக வந்து உட்காருகிறது. அளவைச் சொல்ல நுண்ணளவு உலோகம், அது அடுக்குகளில் விட்டுச்சென்ற தடத்தைச் சொல்ல உலோகச் சுவடு. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பமே இல்லை.

இரண்டு சொல்லும் திணறும் இடம் ஒன்று உண்டு, ஜப்பானின் மினமாட்டா விரிகுடா. சிஸ்ஸோ என்ற வேதிப்பொருள் நிறுவனத்தின் ஆலை 1932 முதல் 1968 வரை அங்கே பாதரசக் கழிவை விட்டது. மீனுண்ட மக்களின் நரம்புகளைத் தாக்கிய நோய் 1956இல் அதிகாரபூர்வமாகத் தெரியவந்தது. 1959இல் கழிவு வாய்க்காலின் வாயருகே எடுத்த சேற்றில் கிலோவுக்குச் சுமார் 2 கிராம் பாதரசம் இருந்தது. மேலே சொன்ன எல்லையைப் போல இரு மடங்கு! அதை நுண்ணளவு என்று எந்தக் கையால் எழுதுவது? 1977 முதல் 1990 வரை, பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் பாதரசம் இருந்த சேற்றையெல்லாம் கையாண்டார்கள். ஒரு பகுதியை அள்ளினார்கள், மிக மோசமான பகுதியைச் சுவர் எழுப்பி அப்படியே மூடினார்கள். அப்படி உருவான நிலம் 58 ஹெக்டேர். விரிகுடாவின் சுவடு இப்போது அந்த நிலத்துக்கு அடியில் கிடக்கிறது.