பூம்-சிக் தாளத்தில் ஒரு மெல்லோட்டம்

செவ்வாய்க்கிழமை என் பயிற்சி வாரத்தில் மெல்லோட்ட நாள். நிமிடத்திற்கு 168 காலடி விழுகிறது. ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையே 0.36 வினாடி. காதில், அமெரிக்க நாட்டுப்புற மரபில் பிறந்த கன்ட்ரி இசையின் பழைய பாடல் ஒன்று ஒலிக்கிறது. டபுள் பேஸ் என்ற பெரிய தந்திக் கருவியின் கனத்த ‘பூம்’ இடது பாதம் தரையைத் தொடும்போதும், கித்தார் தந்திகளை வாரி எழுப்பும் வறண்ட ‘சிக்’ வலது பாதம் தொடும்போதும் கேட்கிறது. முயன்று அப்படி ஓடவில்லை. பாடல் தொடங்கிச் சில வரிகளுக்குள் கால்கள் தாமாகவே அந்தக் காலப்பிரமாணத்தில் போய் அமர்ந்துகொண்டன. இது எப்படி நடக்கிறது, வாரத்தின் எந்த நாளில் இந்தப் பொருத்தம் உதவும், எந்த நாளில் உதவாது என்பதை உடலியங்கியல் நன்றாகவே விளக்குகிறது.

முதலில் வாரத்தைச் சொல்லிவிடுகிறேன். திங்களும் வெள்ளியும் ஓய்வு. செவ்வாய், வியாழன், சனி மூன்றும் மெல்லோட்டம். புதன்கிழமை வேகமாக ஓடி, இளைப்பாறி, மீண்டும் வேகமாக ஓடும் இன்டர்வல் பயிற்சி. ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம். ஆக, ஐந்து ஓட்டங்களில் நான்கு, பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் அமைகின்றன. போட்டிகளில் வெல்லும் நெடுந்தொலைவு வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்த விளையாட்டு அறிவியலாளர் ஸ்டீபன் சைலர், அவர்களும் ஏறத்தாழ 80 விழுக்காடு பயிற்சிகளை இப்படி எளிதாகவே செய்கிறார்கள் என்று காட்டினார். உலகின் மிக வேகமான மனிதர்கள் வாரத்தின் பெரும்பகுதியில் தங்கள் திறமைக்கு மிகவும் மெதுவாக ஓடுகிறார்கள் என்பது, முதன்முதலில் கேட்கும் எவருக்கும் நம்பக் கடினமான செய்திதான்.

காரணம் தசை இழைக்குள் இருக்கிறது. 1967-இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர், எலிகளைப் பல வாரங்கள் டிரெட்மில்லில் ஓடப் பழக்கிவிட்டு அவற்றின் கால் தசைகளை ஆராய்ந்தபோது, ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் திறன் ஏறத்தாழ இரு மடங்காகியிருந்ததைக் கண்டார். ஓடும்போது தசைக்குள் ஆற்றல் இருப்பு குறைவதும் கால்சியத்தின் அளவு மீண்டும் மீண்டும் ஏறி இறங்குவதும் அடையாளச் செய்திகளாகின்றன. அவற்றைப் படிக்கும் உயிரணு, புதிய மைட்டோகாண்ட்ரியப் புரதங்களுக்கான மரபணுக்களை முடுக்கிவிடுகிறது. இந்த முடுக்கம் ஓட்டம் முடிந்த சில மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய், ஏறத்தாழ ஒரு நாளில் தணிந்துவிடுகிறது. ஆனால் அந்தக் குறுகிய நேரத்தில் உருவான புரதம் சில நாள்கள் தங்குகிறது. அடுத்த ஓட்டம் அதன் மேல் இன்னொரு படலத்தைச் சேர்க்கிறது. எனவே ஒரே நாளில் மூச்சு முட்ட ஓடி வாரம் முழுக்கப் படுத்துக்கிடப்பதைவிட, சிறிது சிறிதாக ஐந்து நாள் ஓடுவது தசைக்கு மிகுதியாகச் சேர்த்துவைக்கிறது. தசை இழைகளைச் சுற்றியுள்ள தந்துகிகள் என்ற நுண்ணிய ரத்தக் குழாய்கள் பெருகுவதும், ரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடுவதும், இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தம் மிகுவதும் இதே வகையில்தான்.

எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் வேறு கணக்கில் இயங்குகின்றன. ஒவ்வோர் அடியிலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது. ஒரு மணி நேர மெல்லோட்டத்தில் இப்படிப் பத்தாயிரம் அடிகள். கடுமையான ஓட்டத்துக்குப் பின் தசைநாணில் கொலாஜன் என்ற கட்டுமானப் புரதம் உருவாவதும் சிதைவதும் ஒருசேர மிகுகின்றன. முதல் ஒன்றரை நாள் வரை சிதைவின் கை ஓங்கி, அதன் பிறகே ஆக்கம் முந்துகிறது. சிதைவு முந்திக்கொண்டிருக்கும் அந்த இடைவெளியில் மீண்டும் கடுமையாக ஓடினால் தசைநாண் கடனில் விழுகிறது. கடின நாளுக்குப் பின் எளிய நாள் என்ற விதி பயிற்சியாளர்களின் அனுபவத்தில் முதலில் பிறந்தது. அதற்கான திசுக் காரணம் பிற்பாடுதான் தெரியவந்தது. அந்த விதியை அமெரிக்காவில் பரப்பியவர் ஆரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன். 1962-இல் அவர் நியூசிலாந்து சென்றபோது, அந்நாட்டுப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டின் வழிகாட்டலில் நடுவயதுக்காரர்களும் முதியவர்களும் கூட்டமாக மெல்ல ஓடுவதைப் பார்த்து வியந்தார். சாதாரண மனிதர்கள் உடல்நலத்துக்காக ஓடலாம் என்ற எண்ணம் அமெரிக்காவுக்குள் வேரூன்றியதில் அந்தப் பயணத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

பொழுதுபோக்காக ஓடுகிறவர்கள் இந்த விதியை மீறுவது பெரும்பாலும் கடின நாளில் அல்ல, எளிய நாளில். உடல் தெளிவாக இருக்கும் காலையில் வேகம் தானாக ஏறிவிடும். அப்போது அது மெல்லோட்டமாகவும் இருக்காது, பயன்தரும் கடின ஓட்டமாகவும் இருக்காது. தசையில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன் என்ற சர்க்கரை இருப்பு வேண்டாத வேகத்தில் கரையும். மறுநாள் இன்டர்வல் பயிற்சிக்குக் கால் வராது. நானும் பல ஆண்டுகள் இந்தத் தவற்றைச் செய்தேன். இதயத் துடிப்புக் கருவியைப் பார்த்துப் பார்த்து ஓடியபோது திருந்தாத வழக்கம், பாடலோடு சேர்ந்து பாடத் தொடங்கியபோது திருந்தியது.

கன்ட்ரி பாடல்களில் குரல்தான் முன்னால் நிற்கும். கதை சொல்வதுதான் அந்த இசையின் வேலை. எனவே வரிகள் பேச்சின் நீளத்தில், பேச்சின் ஏற்ற இறக்கத்தில் அமைந்திருக்கும். ஒரு வரியை மூச்சு அறாமல் பாட வேண்டுமென்றால் காற்றை நிதானமாக, நீளமாக வெளிவிட வேண்டும். மெல்லோட்ட வேகத்தில் அது முடியும். வேகம் ஒரு வரம்பைத் தாண்டியதும் தசைகளில் அமிலத்தன்மை ஏறுகிறது. ரத்தத்தில் உள்ள பைகார்பனேட் அதைச் சமன் செய்யும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு உண்டாகிறது. அதை வெளியேற்ற மூச்சு திடீரெனத் துரிதமாகிறது. இந்தத் திருப்பத்தை மூச்சு வாசல் என்று சொல்லலாம். அதைத் தாண்டியவரால் ஒரு வரியை முழுதாகப் பாட முடியாது. நடுவில் இரண்டு முறை காற்றை இழுக்க வேண்டியிருக்கும். பேச்சுச் சோதனை என்று பயிற்சியாளர்கள் சொல்வதும் இதுதான். அடுத்தவர் இல்லாமல் தனியாக ஓடுகிறவருக்குப் பாடலே உரையாடல் துணையாகிறது. வரி உடைந்தால் வேகத்தைக் குறைக்கிறேன், அவ்வளவுதான்.

மூச்சைப் பாட்டு பிடித்துக்கொள்கிறது என்றால், கால்களைப் பிடித்துக்கொள்வது தாளம். இந்த இசையின் தாளத்தில் ரயிலின் ஓசை ஆழமாகப் பதிந்திருக்கிறது. 1927-இல் அமெரிக்காவின் பிரிஸ்டல் நகரில் தன் முதல் பாடல்களைப் பதிவு செய்து, இந்த இசை வகையின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்ட ஜிம்மி ராஜர்ஸ், ரயிலில் பிரேக் பணியாளராக வேலை பார்த்தவர். அதே ஆண்டு டிசம்பரில், நாஷ்வில்லின் டபிள்யூ.எஸ்.எம். வானொலி நிகழ்ச்சி ‘கிராண்ட் ஓல் ஆப்ரி’ என்ற பெயரைப் பெற்ற இரவில், டிஃபோர்ட் பெய்லி தன் ஹார்மோனிகாவில் ஒரு விரைவு ரயிலையே ஓட்டிக்காட்டினார். 1950களின் நடுவில் மெம்ஃபிஸில் பாடத் தொடங்கிய ஜானி கேஷின் சிறு குழுவில் டிரம்ஸ் வாசிப்பவர் இல்லை. கேஷ் தன் கித்தார் தந்திகளுக்கிடையே ஒரு காகிதத்தைச் செருகி மீட்டினார். நாதம் அடங்கி, டிரம்மைத் தேய்ப்பது போன்ற ஒரு ‘சிக்’ பிறந்தது. மார்ஷல் கிராண்டின் பேஸ் ‘பூம்’ என்றது. தண்டவாள இணைப்புகளைச் சக்கரம் தாண்டும்போது எழும் அந்த இரட்டை ஓசைதான் ஓடுகிறவரின் இரண்டு கால்களுக்கும் பொருந்துகிறது. மாறாத இடைவெளி, மாறி மாறி வரும் கனமும் இலேசும்: ஓட்டத்தின் வடிவமும் இதுவே.

மூளை இதை எப்படிக் கையாள்கிறது? ஒலியைக் கேட்டபின் அசைவது என்றால், மனிதனுக்குக் குறைந்தது பத்தில் ஒரு பங்கு வினாடிக்கு மேல் ஆகும். ஆனால் தாளத்தோடு விரலைத் தட்டச் சொன்னால், பெரும்பாலானோரின் தட்டு ஒலிக்குச் சற்று முன்பே விழுகிறது. ஆகவே மூளை தாளத்தைத் துரத்துவதில்லை. அடுத்த தட்டு எப்போது என்று கணித்து, முன்கூட்டியே அசைவை ஆயத்தப்படுத்துகிறது. அசையாமல் படுத்தபடி தாளத்தைக் கேட்பவரின் மூளையைப் படமெடுத்தாலும், அசைவைத் திட்டமிடும் மூளைப் புறணிப் பகுதிகளும், ஆழத்தில் உள்ள அடித்தள நரம்பு முடிச்சுகளும் (பேசல் கேங்லியா) விழித்தெழுவது தெரிகிறது. பார்க்கின்சன் நோயால் நடை தடுமாறுகிறவர்களுக்கு சீரான இடைவெளியில் தட்டும் மெட்ரோனோம் கருவியின் ஒலியோ இசையோ நடையைச் சீராக்குவதும் இந்த இணைப்பால்தான். ஓடுகிறவரின் இயல்பான அடி வேகத்துக்கு மிக அருகில் பாடலின் வேகம் இருந்தால், கால் அதில் போய்ப் பொருந்திக்கொள்ளும். இடைவெளி பெரிதானால் பொருந்தாது. பாடல் ஒரு பக்கமும் கால் இன்னொரு பக்கமும் போகும். எனவே நிமிடத்திற்கு 84 தட்டு உள்ள நிதானமான பாடலை, ஒரு தட்டுக்கு இரண்டு அடி என்று எடுத்துக்கொண்டால், அதுவும் 168 அடிக்குச் சரியாக அமையும். சோகப் பாடல்களையும் ஓடும் பட்டியலில் சேர்க்க இது வழி செய்கிறது.

தாளம் மட்டும் வேகத்தைக் கட்டுப்படுத்திவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். அதே 168 அடியில், அடியின் நீளம் 0.9 மீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6 நிமிடம் 37 வினாடி, 1.1 மீட்டர் என்றால் 5 நிமிடம் 25 வினாடி. தாளம் மாறாமலே மெல்லோட்டம் கடின ஓட்டமாகிவிட முடியும். போதாததற்கு, பிரூனல் பல்கலைக்கழகத்தின் கோஸ்டாஸ் கராயோர்கிஸ் முதலானோரின் ஆய்வுகள், மிதமான வேகத்தில் இசை சோர்வுணர்வை ஏறத்தாழ 10 விழுக்காடு குறைக்கிறது என்று காட்டியிருக்கின்றன. சோர்வு தெரியாதபோது அடி நீளுவது இயல்பு. அதனால்தான் மூச்சுக்கான சோதனையைக் கைவிடக் கூடாது என்கிறேன். பாஞ்சோ என்ற தந்திக் கருவி முன்னணியில் பாயும், கன்ட்ரியின் கிளையான புளூகிராஸ் இசையை நான் உயிராக விரும்புகிறேன். ஆயினும் பாஞ்சோ கலைஞர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வழிவந்த மூன்று விரல் மீட்டலின் அடர்த்தி நெஞ்சைக் கிளப்பிவிடுவதால், மெல்லோட்ட நாளில் அதை ஒதுக்கிவைக்கிறேன்.

புதன்கிழமை காதில் எதுவும் இல்லை. மூன்று நிமிடம் கடும் வேகம், இரண்டு நிமிடம் மெதுநடை, இப்படி ஐந்து முறை. இதயம் தன் உச்சத் திறனுக்கு அருகில் சில நிமிடங்கள் உழைப்பதே இதன் நோக்கம். அந்த வேகத்தில் உடலின் உள்ளிருந்து வரும் செய்திகள் மூளையின் கவனத்தை முழுவதும் பறித்துக்கொள்கின்றன. நெஞ்சின் ஏற்ற இறக்கமும் தொடையின் எரிவும் இசையை வெளியே தள்ளிவிடுகின்றன. சோர்வுணர்வைக் குறைக்கும் ஆற்றல் அங்கே தேய்ந்துபோகிறது. தொடை எரிவதற்கு லாக்டிக் அமிலத்தைக் குற்றம் சொல்வது பழைய வழக்கம். தசையில் உருவாகும் லாக்டேட்டை இதயமும் மற்றத் தசைகளும் எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன என்பதை உடலியங்கியல் ஆய்வாளர் ஜார்ஜ் புரூக்ஸ் 1980களிலேயே எடுத்துச்சொன்னார். ஓட்டம் நின்று ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும் அந்தப் பொருள், இரண்டாம் நாள் படியிறங்கும்போது வரும் வலிக்குக் காரணமாக முடியாது. அந்த வலி, நீண்டபடியே சுமை தாங்கிய தசை இழைகளில் நேர்ந்த நுண்சிதைவிலிருந்தும் அதைத் தொடரும் அழற்சியிலிருந்தும் வருவது.

ஞாயிறு நீண்ட ஓட்டத்தில் மீண்டும் பாடல்கள் வருகின்றன, ஆனால் ஒரு காதில் மட்டும். சாலையில் வரும் வண்டியின் ஓசை மற்றொரு காதுக்குக் கேட்க வேண்டும். தசைகளில் சுமார் 400 கிராமும் கல்லீரலில் சுமார் 100 கிராமும் கிளைக்கோஜன் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்துக்குப் பின் அந்த இருப்பு இறங்க இறங்க, மெதுவாகச் சுருங்கும் இழைகள் களைத்து, அதுவரை சும்மா இருந்த வேக இழைகளும் வேலைக்கு அழைக்கப்படுகின்றன. மெல்ல ஓடியே வேக இழைகளுக்கும் நீடித்த உழைப்பைப் பழக்குவது நீண்ட ஓட்டத்தின் தனிச்சிறப்பு. களைப்பில் அடி வேகம் தளரத் தொடங்கும் இந்தக் கட்டத்தில்தான் தாளத்தின் பிடி எனக்கு மிகவும் தேவைப்படுகிறது.

கடைசி இரண்டு கிலோமீட்டருக்கு வால்ட்ஸ் பாடல்களை வைத்திருக்கிறேன். நான்கு தட்டுப் பாடலில் கனமான தட்டு எப்போதும் ஒரே காலில் விழும். வால்ட்ஸ் மூன்று தட்டு, நம் திஸ்ரம். அடிக்கு ஒரு தட்டு என்று ஓடினால், கனமான தட்டு ஒருமுறை இடது பாதத்திலும் அடுத்த முறை வலது பாதத்திலும் மாறி மாறி வருகிறது. காலில் இறங்கும் விசை அதனால் மாறுவதில்லை. கவனம் மட்டும் ஒரு காலிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுகிறது. இடது கால் தேய்த்துக்கொண்டு வருகிறதா, வலது தோள் இறங்கியிருக்கிறதா என்று அந்தத் தாவலில் தெரிந்துவிடும். திருத்திக்கொண்டு, பாடல் முடியும்வரை ஓடி நிற்கிறேன். கரைந்த கிளைக்கோஜன் மீண்டும் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறத்தாழ ஒரு நாள் ஆகும், திங்கட்கிழமை அதற்குத்தான்.